பூட்டிய வீட்டின் ஈரச் சுவர்

ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் புதிதாகக் கட்டிக் கொடுத்த வீடுகளுக்குள் ஈரம் ஊறுகிறது, காரணம் என்னவென்று பார்த்துச் சொல்ல வேண்டும் என்று கண்டியில் நான் வேலை செய்த ஆய்வுகூடத்துக்கு அரசாங்க வீடமைப்புத் திட்டத்திலிருந்து ஒரு பொறுப்பு வந்தது. கட்டடத்துக்குள் ஈரம் எந்த வழியாக வருகிறது, வெப்பம் எந்த வழியாகப் போகிறது என்பதுதான் என் படிப்பு. அதிக விறகோ மின்சாரமோ செலவழிக்காமல் ஒரு வீட்டைக் காய்ந்ததாகவும் கதகதப்பாகவும் வைத்திருப்பது எப்படி என்ற கேள்வியோடுதான் என் நாட்கள் போயின. வெயிலூரில் இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். மாதக்கணக்கில் மூடுபனி யன்னலைத் தட்டிக்கொண்டு நிற்கும் மலையில் அது சின்ன விஷயமே இல்லை.

எங்கள் பேராசிரியர் யாழ்ப்பாணத்தவர். கண்டிக்கு வந்து தலை நரைத்துவிட்ட பிறகும் பேச்சை மட்டும் ஊரிலிருந்து கொண்டுவந்தபடியே வைத்திருந்தார். அதற்கான ஆவணக் கோப்பை என் மேசையில் வைத்துவிட்டு, "பிள்ளை, இது உமக்குத்தான். நீர் அந்தப் பக்கத்து ஆள்தானே," என்றார்.

நான் அந்தப் பக்கத்து ஆள்தான். அதே மலையின் இன்னொரு மடிப்பில், தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான ஒரு லயத்தில் பிறந்தவள். அம்மா கொழுந்து பறித்தார், அப்பா தேயிலை ஆலையில் வேலை செய்தார். வேலை கிடைத்த பிறகு அம்பிட்டியவில் வாடகைக்கு ஒரு வீடு எடுத்து இருவரையும் அழைத்து வந்துவிட்டேன். அந்த வீட்டு வாசலிலேயே ஹேவாஹெட்ட பஸ்ஸை மறித்து ஏறலாம்.

முதல் நாள் போனபோது மழை விட்டிருந்தது. மலையைப் படிக்கட்டுப்போல வெட்டி, வரிசை வரிசையாக வீடுகளைக் கட்டியிருந்தார்கள். சீமெந்துக் கல் சுவர், தகரக் கூரை, முன்பக்கம் இளம்பச்சை நிறம். தூரத்திலிருந்து பார்க்க அழகாகத்தான் இருந்தது. கிட்டப் போனதும் என் கண் போனது வீடுகளின் பின்பக்கத்துக்கு. வெட்டிய மண்மேடு, ஆள் பக்கவாட்டில் திரும்பினால் மட்டும் நுழையக்கூடிய இடைவெளியில் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றது. மேட்டிலிருந்து வடிந்த தண்ணீர் போக வழியில்லாமல் சுவரின் காலடியில் குளம்போலக் கிடந்தது. கூரைத் தகரம் சுவரைத் தாண்டி ஒரு சாண்கூட நீளவில்லை. சாய்ந்தடித்த மழை சுவரின் முகத்திலேயே அடித்திருந்தது.

வரிசையின் நடுவிலிருந்த வீட்டுக்காரி கதவைத் திறந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருப்பார். மலையில் வேலை முடித்து அப்போதுதான் வந்திருந்தார். தலையில் கட்டிய துண்டைக்கூட இன்னும் அவிழ்க்கவில்லை.

"வாங்க மிஸ். நீங்களும் நோட்டீஸ் குடுக்கத்தான் வந்தீங்களா?"

"என்ன நோட்டீஸ் அக்கா?"

அவர் சுவரைக் காட்டினார். திட்டத்து ஆட்கள் வீடு வீடாகக் கொடுத்த துண்டுப்பிரசுரம் ஒன்று அங்கே ஒட்டியிருந்தது. வீட்டுக்குள் விறகு எரிக்காதீர்கள். உள்ளே துணி உலர்த்தாதீர்கள். பகலில் யன்னல்களைத் திறந்து வையுங்கள். ஓர் அறையில் அதிகம் பேர் படுக்காதீர்கள். சுத்தமான வீடே ஈரமற்ற வீடு. படத்தில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே யன்னலைத் திறந்துகொண்டிருந்தாள். அவளுடைய முகத்தில் கறுப்பாகப் பூஞ்சணம் பிடித்திருந்தது.

"நோட்டீஸுக்கே பூஞ்சணம் புடிச்சிருச்சு மிஸ். அதுவும் உள்ளுக்குத் துணி காயப் போட்டிருக்கும்போல," என்றார் அக்கா. சிரிக்காமல்தான் சொன்னார். நான்தான் சிரித்துவிட்டேன்.

அதற்குப் பிறகு சிரிப்பு வரவில்லை. பின்னறைக்குள் போனதும் ஒரு வாசனை அடித்தது. அந்த வாசனை எனக்குத் தெரியும். ஈரச் சீமெந்தும், காயாத கம்பளியும், அவற்றின் மேல் படிந்த விறகுப் புகையும் கலந்தது. சுவரில் என் முழங்கால் உயரம்வரை நிறப்பூச்சு கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. விரல் வைத்து அழுத்தினால் தண்ணீர் கசிந்தது. அக்காவின் சின்ன மகள் அந்தச் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளிப் படுக்க முடியுமோ அவ்வளவு தள்ளிப் பாயைப் போட்டு, போர்வைக்குள் இருமிக்கொண்டிருந்தாள்.

"வெறகு எரிக்கிறீங்களா அக்கா?"

"எரிக்காம? சுவர் ஐஸ் கட்டி மாதிரி இருக்கு. எரிச்சாத்தான் புள்ள தூங்குது. லயத்துல இருந்தப்ப எரிச்சதவிட இங்கதான் கூட எரிக்கிறோம்."

அது எனக்கு ஆச்சரியமாக இல்லை. ஈரச் சுவர் உள்ளிருக்கும் சூட்டை உறிஞ்சி வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். எவ்வளவு எரித்தாலும் அதற்குப் போதாது. விறகு எரித்ததால் சுவர் ஈரமாகவில்லை. சுவர் ஈரமானதால்தான் விறகு எரிந்தது. ஆனால் அதைச் சொன்னால் மட்டும் போதாது, காட்ட வேண்டும்.

அடுத்த வாரமே கண்டியில், திட்டத்தின் தலைமைப் பொறியியலாளரைப் பார்க்கப் போனேன். பேராசிரியரும் கூட வந்தார். பொறியியலாளர் கோட்டுப் போட்ட பெரிய மனிதர், குரலும் பெரியது. நான் பின்பக்க மண்மேட்டைப் பற்றியும், அத்திவாரத்துக்கு மேலே ஈரத்தடுப்புப் படை போட்டிருக்கிறதா என்பதைப் பற்றியும் கேட்கத் தொடங்கினேன். அத்திவாரத்துக்கும் சுவருக்கும் நடுவே தார் பூசியோ, தடித்த பொலித்தீன் விரித்தோ ஒரு தடுப்பு வைக்க வேண்டும். அது இல்லையென்றால் விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோலச் சுவர் மண்ணிலிருந்து தண்ணீரை இழுக்கும்.

அவர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"மிஸ், நானும் தோட்டத்துல பொறந்தவன்தான். எங்க சனத்தப் பத்தி எனக்குத் தெரியாதா? லயத்துல இருந்த பழக்கத்தோட வீட்டுக்கு வந்திருக்காங்க. அடுப்ப உள்ளுக்கு வைக்கிறாங்க. ஈரத்துணிய உள்ளுக்குப் போடுறாங்க. ஒரே ரூமுல எட்டுப் பேரு படுக்கிறாங்க. மூச்சுக் காத்தே சுவத்த நனைச்சிரும். வீடு நல்ல வீடு. இருக்கத்தான் தெரியல."

மூச்சுக் காற்றிலும் அடுப்பிலும் ஈரம் உண்டு என்பது பொய்யில்லை. அது எந்தப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. அதனால்தான் அந்தப் பேச்சு ஆபத்தானது. கொஞ்சம் உண்மையைக் கையில் பிடித்துக்கொண்டு முழுப் பழியையும் அக்காவின் தலையில் இறக்கி வைத்துவிட்டது.

எனக்குப் பள்ளிக்கூட நாள் நினைவுக்கு வந்தது. புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்து கண்டியில் ஒரு கன்னியர் மடப் பாடசாலைக்கு வந்திருந்தேன். முதல் தவணையில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டு வேறு வாங்குக்கு மாறிப் போனாள். என் கம்பளிச் சட்டையில் லயத்து மணம் அடிக்கிறதாம். வகுப்பாசிரியை தனியாகக் கூப்பிட்டு, தினமும் குளிக்கிறாயா என்று அன்பாகத்தான் கேட்டார். குளிக்கிறேன் மிஸ் என்றேன். அம்மா அந்தச் சட்டையை எத்தனை முறை துவைத்தாலும் போகாத மணம் அது. அன்றைக்கு எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இத்தனை வருஷம் படித்துவிட்டு வந்தும் சொல்லாமல் இருந்தால் நான் படித்ததற்கு அர்த்தமே இல்லை. அந்த மணம் எங்களுடையது இல்லை. அது சுவருடையது. நாங்கள் அதைச் சுமந்துகொண்டு திரிந்தோம், அவ்வளவுதான்.

"சேர், சனம் இல்லாத வீட்டுல ஈரம் வந்தா என்ன சொல்லுவீங்க?" என்று கேட்டேன்.

"சனம் இல்லாட்டி ஈரம் வராது," என்றார் அவர்.

வெளியே வந்து பஸ் நிலையத்தை நோக்கி நடக்கும்போது பேராசிரியர் கேட்டார்: "என்ன யோசிக்கிறீர்?"

"அக்கா வீட்டுக்குப் பக்கத்து வீடு பூட்டிக் கிடக்கு சேர். அந்தக் குடும்பம் கொழும்புக்கு வேலைக்குப் போயிருச்சு. சாவி அக்காகிட்டத்தான் இருக்கு."

அவர் நடையைத் தளர்த்தினார். பிறகு, "ஓம். அது நல்ல யோசனை," என்றார்.

வீட்டுக்காரரிடம் தொலைபேசியில் சம்மதம் வாங்கினோம். வீட்டைக் கூட்டித் துடைத்து, அடுப்புக்கல்லைக்கூட எடுத்து வெளியே வைத்தோம். சுவரின் ஈரத்தையும் அறையின் வெப்பத்தையும் தானாகவே பதிவு செய்யும் சின்னக் கருவிகளைச் சுவரிலும் கூரைக்குக் கீழேயும் பொருத்தினேன். துண்டுப்பிரசுரம் சொன்னபடியே அக்கா காலையில் போய் யன்னல்களைத் திறப்பார், பின்னேரம் மூடுவார். உள்ளே உட்காரக்கூட மாட்டார். "கோயிலுக்குப் போற மாதிரி செருப்ப வெளிய கழட்டிட்டுத்தான் போறேன் தங்கச்சி," என்று ஒருநாள் சொன்னார். மிஸ் எப்போது தங்கச்சியாக மாறியது என்று எனக்கே தெரியவில்லை.

வடகீழ்ப் பருவமழை தொடங்கியது. நாட்கணக்கில் விடாத மழை. அந்தப் பூட்டிய வீட்டின் பின்சுவர் கீழிருந்து மேலாகக் கறுத்துக்கொண்டே வந்தது. விடியற்காலைக் குளிரில் தகரத்தின் அடிப்பக்கம் வியர்த்து, துளித்துளியாக நிலத்தில் விழுந்தது. யாரும் சமைக்கவில்லை. யாரும் துணி உலர்த்தவில்லை. மூச்சுவிடக்கூட அங்கே ஒருவருமில்லை. அக்கா வீட்டுச் சுவர் எந்த உயரத்துக்கு நனைந்ததோ, ஏறக்குறைய அதே உயரத்துக்கு அந்தச் சுவரும் நனைந்தது. வித்தியாசம் மேல்பகுதியில்தான் தெரிந்தது. ஆட்கள் இருக்கும் வீட்டில் பூஞ்சணம் கூரைவரை ஏறியிருந்தது. அதையும் மறைக்காமல் பதிவு செய்தேன். உண்மையில் பாதியை மறைத்துக்கொண்டு போராட எனக்கு விருப்பமில்லை.

படங்களையும் வரைபுகளையும் எடுத்துக்கொண்டு, பேராசிரியரோடு மீண்டும் திட்ட அலுவலகத்துக்குப் போனேன். தலைமைப் பொறியியலாளர் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார். பார்த்துவிட்டு, கதிரையில் சாய்ந்து, "யாராச்சும் உள்ள இருந்திருப்பாங்க," என்றார்.

"யாரும் இருக்கல சேர்."

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க கண்டியில, வீடு அங்க. சாவி அந்தப் பொம்பளகிட்ட. சொந்தக்காரங்கள படுக்க வச்சிருப்பா."

அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனதை நினைத்துக்கொண்டேன்.

"அப்ப நீங்களே பூட்டுங்க. ஒங்க பூட்டு, ஒங்க சாவி. கதவுலயும் யன்னல்லயும் ஒங்க கையெழுத்துப் போட்டு முத்திரை ஒட்டுங்க. அடுத்த மழைக்குப் பொறகு நீங்களே வந்து தொறங்க."

பேராசிரியர் என் கையை மேசைக்குக் கீழே மெதுவாகத் தட்டினார். அது போதும் என்பதற்கா, சரி என்பதற்கா என்று தெரியவில்லை. பொறியியலாளர் சிரித்தார். "சரி மிஸ். ஒங்க ஆசைக்கு அதையும் செஞ்சு பாப்போம்." அதற்குள் நீர்புகா நிறப்பூச்சு என்று டின் டின்னாக வாங்கியாயிற்று, அதை அடித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொன்னார். நல்லது, பூட்டப்போகும் வீட்டுக்கும் அதை அடியுங்கள் என்றேன்.

அப்படியே செய்தார்கள். வெயில் நாளில் சுவர்களைக் காயவிட்டு, எல்லா வீடுகளுக்கும் பூச்சு அடித்தார்கள். பூட்டிய வீட்டின் கதவில் அவருடைய பூட்டுத் தொங்கியது. யன்னல்கள் மூடி முத்திரையிடப்பட்டன. காற்றுக்குக் கதவின் மேலிருந்த துவாரங்கள் மட்டும் மிச்சம். அக்காவுக்கு அந்தப் பக்கம் போகவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

"எனக்கென்ன பயமா? ஆனா போக மாட்டேன். ஒரு பேச்சு வரக்கூடாது," என்றார்.

அடுத்த பெருமழை ஓய்ந்த ஒரு காலையில் திட்டத்து வாகனம் தோட்டத்துக்கு வந்தது. நானும் பேராசிரியரும் முன்பே வந்து காத்திருந்தோம். வரிசையில் இருந்த பெண்கள் பலர் மலைக்குப் போகாமல் நின்றிருந்தார்கள். தலைமைப் பொறியியலாளர் தன் கையெழுத்தை ஒருமுறை பார்த்துவிட்டு முத்திரையைக் கிழித்தார். பூட்டுத் துருப்பிடித்து இறுகியிருந்தது. சாரதி வந்து ஓங்கித் தட்டித்தான் திறக்க வேண்டியிருந்தது.

கதவு திறந்ததும் அந்த மணம் வெளியே வந்தது. அவர் தன்னையறியாமல் கைக்குட்டையை மூக்கில் வைத்தார்.

பின்சுவரில் புதுப் பூச்சு பெரிய பெரிய பையாக உப்பியிருந்தது. உள்ளே தண்ணீர். வெளியேறக் கொஞ்சநஞ்சம் இருந்த வழியையும் பூச்சு அடைத்துவிட்டதால், ஈரம் முன்னைவிட உயரமாக ஏறியிருந்தது. அவர் தன் பேனையால் ஒரு பையைக் குத்தினார். தண்ணீர் அவருடைய சட்டைக் கைநுனியில் தெறித்தது.

வாசலில் நின்ற அக்கா முதல் முறையாக வாய் திறந்தார். "சேர், இந்த வீட்டுல யாரு சமைச்சது?"

அவர் பேனையைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு வாகனத்தை நோக்கி நடந்தார்.

அன்றைக்கே எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். கதைகளில் அப்படித்தான் முடியும். நிஜத்தில் அறிக்கை என்று ஒன்று இருந்தது. அதில் நான் ஒரு வசனம் எழுதியிருந்தேன்: இந்த வீடுகளின் ஈரத்துக்கு முதன்மைக் காரணம் வடிவமைப்பும் கட்டிய முறையுமே, குடியிருப்பவர்களின் பழக்கம் அன்று. அந்த வசனத்தை மாற்றச் சொல்லித் திட்டத்திலிருந்து கடிதம் வந்தது. பல்வேறு காரணிகள் கூட்டாகப் பங்களிக்கின்றன என்று எழுதினால் போதுமாம்.

பேராசிரியர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். யன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"பிள்ளை, நீர் சொல்லுறது முழுக்கச் சரி. ஆனா இவையளின்ரை வேலை எங்களுக்கு இனிமேலும் வேணும். உம்மைப்போல இன்னும் நாலு பிள்ளையள் இந்த ஆய்வுகூடத்தை நம்பி இருக்கினம். அந்த ஒரு வசனத்தைக் கொஞ்சம் இளக்கி எழுதினால் என்ன?"

"இளக்கி எழுதினா அந்த நோட்டீஸ் திரும்ப வரும் சேர்."

"வருமோ?"

"அது இன்னும் சுவத்துலதான் இருக்கு சேர். யாரும் கழட்டல. பல காரணம்னு எழுதினா, அவங்களுக்குப் புடிச்ச காரணத்தத்தான் எடுப்பாங்க. இந்த வசனத்த மாத்த மாட்டேன்."

அவர்மேல் எனக்குக் கோபம் இருந்தது. இன்றைக்கும் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் அவர் கடைசியில் சொன்னதையும் எழுதாமல் விடுவது நியாயமில்லை. "நான் இதிலை கையொப்பம் வைக்க மாட்டன். ஆனா உம்மை மறிக்கவும் மாட்டன். உம்முடைய பெயரிலை அனுப்பும்," என்றார்.

அனுப்பினேன். அந்தத் திட்டத்திலிருந்து என்னை விலக்கினார்கள். ஆய்வுகூடத்தில் எனக்குப் பழைய கருவிகளைச் சீர்பார்க்கும் வேலை வந்தது. அம்மாவுக்கு அது தெரிந்ததும், "பெரிய எடத்தோட மோதுறியே, வேல போனா என்னா செய்வ?" என்று புலம்பினார். "போனா போகட்டும்மா," என்றேன். சொல்லும்போது இருந்த தைரியம் படுக்கும்போது இருக்கவில்லை. ஆனால் சொன்னது சொன்னதுதான்.

விலக்கிய பிறகுதான் வேலையே தொடங்கியது என்று சொல்லலாம். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் ஹேவாஹெட்ட பஸ்ஸில் ஏறினேன். அக்காவிடம் நேரே கேட்டேன்: "ஒங்க வீட்டத் திருத்திப் பாப்பமா? சுவத்த வெட்ட வேண்டி வரும்."

"வெட்டினா வீடு விழுமா?"

"முறையா வெட்டினா விழாது."

"அப்ப வெட்டுங்க. இப்பயும் இது வீடா இருக்கு?"

மேசன் ஒருவர் வேண்டும். எங்கள் ஆய்வுகூடத்தில் பரிசோதனைச் சுவர்கள் கட்டித் தரும் மேசனைப் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம்; அவர் கண்டிக்குப் பக்கத்து ஊர் முஸ்லிம். இருபது வருஷம் பழைய கட்டடங்களைத் திருத்தியவர். நான் செய்ய நினைத்ததைக் கேட்டதும் தலையில் கை வைத்தார்.

"மிஸ், கட்டி முடிஞ்ச சுவத்துக்கு அடியால பொலித்தீன் வைக்கிறதா? நீங்க செல்லுறது விளங்குது. ஆனா ஒரே அடியா வெட்டினா மேல ஈக்குற சுவர் எறங்கிரும்."

"ஒரே அடியா இல்ல பாஸ். ஒரு முழம் வெட்டி, படைய வச்சு, இறுக்கிக் கட்டி, அது காஞ்ச பொறகு ஒரு இடம் விட்டு அடுத்த முழம்."

அவர் குச்சி எடுத்து மண்ணில் கீறிப் பார்த்தார். நானும் கீறினேன். எந்த இடத்தில் தொடங்குவது, மூலையை எப்போது தொடுவது என்று அரைநாள் வாதாடினோம். மூலையைக் கடைசிக்கு விடுங்கள் என்றார் அவர். கூரைப் பாரத்தைக் கணக்குப் பார்த்துவிட்டு நானும் ஒப்புக்கொண்டேன். எழும்பும்போது, "சரி மிஸ், அல்லாட காவல். செஞ்சி பாப்போம்," என்றார்.

தொடங்கிய அன்றே திட்டத்தின் வெளிக்கள உத்தியோகத்தர் மோட்டார்சைக்கிளில் வந்துவிட்டார். யாரோ செய்தி சொல்லியிருக்க வேண்டும். அரசாங்கம் கட்டிக் கொடுத்த சுவரில் கைவைக்க முடியாது என்று சத்தம் போட்டார். அக்கா உளியையும் சுத்தியலையும் பாஸின் கையிலிருந்து வாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"வீடு எனக்குத்தானே குடுத்தீங்க? மேடை போட்டு, மாலை போட்டு, சாவிய என் கையில குடுத்தீங்களா இல்லையா?"

"குடுத்தோம், ஆனா..."

"அப்ப இது என் சுவர். என் சுவத்த நான் வெட்டுறேன். தடுக்கிறதுன்னா உள்ள வந்து இந்தச் சுவத்தோரம் ஒரு ராத்திரி படுத்துட்டு, பொறகு தடுங்க."

அவர் உள்ளே வரவில்லை. மேலிடத்துக்குச் சொல்கிறேன் என்று போனார். அக்கா திரும்பி வந்து, முதல் சீமெந்துச் சாந்தைத் தானே கொத்தி எடுத்தார். பிறகுதான் உளியைப் பாஸிடம் கொடுத்தார்.

வேலை பல ஞாயிறுகள் இழுத்தது. பின்பக்க மண்மேட்டைப் பெண்களே வெட்டி அகலமாக்கினார்கள். அங்கே சுவரின் காலடிக்குக் கீழாக தண்ணீர் வடிந்தோட ஆழமான கான் ஒன்று தோண்டி, அடியில் துளையிட்ட குழாய் வைத்து, மேலே கருங்கல் சில்லி நிரப்பினோம். கல்லைக் கூடையில் சுமந்து வந்தவர்கள் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள். பின்சுவரின் உப்பிய பூச்சையும் அடிச்சாந்தையும் சுரண்டி எறிந்துவிட்டு, சுவர் மூச்சுவிடுவதற்காகச் சுண்ணாம்புச் சாந்து பூசினோம். கூரைத் தகரத்தைப் பின்பக்கம் இரண்டு முழத்துக்கு நீட்டி, கூரைத் தண்ணீரைப் பிடித்துக் கொண்டுபோகப் பீலி வைத்தோம். தகரத்துக்குக் கீழே பளபளக்கும் வெப்பத்தடுப்புத் தாளை விரித்து, அதற்கும் தகரத்துக்கும் நடுவே காற்றோட இடம் விட்டு, அடியில் பலகை அடித்தோம். தாளும் குழாயும் ஆய்வுகூடத்தில் பழைய பரிசோதனைகளில் மிஞ்சிக் கிடந்தவை. எடுத்துப் போக அனுமதி கேட்டபோது பேராசிரியர் ஒரு கேள்வியும் கேட்காமல் சம்மதித்தார்.

மழை வந்தது. முதல் மாதம் சுவர் காயவில்லை. உள்ளே ஊறிய தண்ணீர் வெளியேற நாளெடுக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் ஈரமானியைச் சுவரில் வைத்துவிட்டு அளவைப் பார்க்கத் தயங்கினேன். ஒரு மூலை மட்டும் பிடிவாதமாக நனைந்துகொண்டே இருந்தது. பாஸும் நானும் அதைச் சுற்றிச் சுற்றி வந்தோம். கடைசியில் பார்த்தால் பீலியின் முனை பக்கத்து வீட்டு மேட்டில் தண்ணீரை ஊற்ற, அது சுற்றி வந்து அந்த மூலையில் இறங்கியிருக்கிறது. பீலியின் முனையைக் கானுக்குள் திருப்பிவிட்டோம்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிறு போனபோது, அக்காவின் மகளுடைய பாய் சுவரோரமாகக் கிடந்தது. அவளாகவே அங்கே போட்டிருந்தாள். கம்பளிச் சட்டையொன்று ஆணியில், சுவரோடு ஒட்டித் தொங்கியது. நான் போய் முகர்ந்து பார்த்தேன். சவர்க்கார மணம்தான் இருந்தது.

"வெறகு எப்படி அக்கா?"

"சமைக்க மட்டுந்தான். சமைச்ச சூடே விடிய மட்டும் நிக்குது தங்கச்சி."

மற்ற வீட்டுக்காரர்கள் காத்திருக்கவில்லை. முதலில் கான் வெட்டினார்கள், பிறகு கூரையை நீட்டினார்கள். சுவரை வெட்டும் இடத்துக்கு மட்டும் பாஸ் வந்து நின்று பார்த்தார். திட்டத்திலிருந்து தடை என்று ஒரு கடிதம் வந்ததாம். வரிசையில் ஒருவரும் வேலையை நிறுத்தவில்லை.

தலைமைப் பொறியியலாளர் ஒருநாள் முன்னறிவிப்பில்லாமல் வந்தார். நான் அப்போது அங்கே இருந்தேன். கோட்டுப் போட்டிருக்கவில்லை. அக்காவின் பின்சுவரில் உள்ளங்கையை வைத்தார், நேரமெடுத்து வைத்திருந்தார்.

"எந்த உயரத்துல வெட்டினீங்க?" என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். கானின் சரிவைக் கேட்டார், சொன்னேன். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. போகும்போது, "எங்க அம்மாவும் லயத்துல இளைப்புலதான் செத்தாங்க," என்று மட்டும் சொன்னார். அது எனக்கா, தனக்கா என்று புரியவில்லை. நான் ஆறுதல் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாமோ என்று பிறகு நினைத்ததுண்டு. ஆனால் அந்தத் துண்டுப்பிரசுரத்தில் இருந்த ஒவ்வொரு வரியும் அவர் பார்த்துச் சரியென்றது.

அடுத்த கட்ட வீடுகளின் வரைபடங்களில் ஈரத்தடுப்புப் படை இருந்தது. கூரை நீண்டிருந்தது. மண்மேட்டுக்கும் சுவருக்கும் நடுவே கான் இருந்தது. அதை மேம்பாடு என்று அழைத்தார்கள். என் அறிக்கையைப் பற்றி எங்கும் ஒரு சொல் இல்லை. பேராசிரியர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வீடு காயுதெல்லோ பிள்ளை, அது போதாதோ?" என்று கேட்டார்.

"போதாது சேர்," என்றேன்.

என் பெயருக்காக நான் அதைச் சொல்லவில்லை. ஏற்கனவே கட்டிய வீடுகள் இன்னும் எத்தனையோ மலைகளில் ஈரத்தோடு நிற்கின்றன. அவற்றில் இருப்பவர்களிடம், தவறு உங்களுடையது இல்லை என்று இன்றுவரை யாரும் வந்து சொல்லவில்லை. மேம்பாட்டைப் பற்றிக் கண்டியில் ஒரு கூட்டம் நடந்தது. நான் அழைக்கப்படவில்லை; ஆனால் கதவு திறந்திருந்தது. அக்காவையும், வரிசையிலிருந்த இன்னும் சில பெண்களையும் கூட்டிக்கொண்டு போய்ப் பின்வரிசைக் கதிரைகளில் உட்கார்ந்தேன். கேள்வி நேரம் வந்ததும் கையைத் தூக்கினேன். ஒலிவாங்கியைக் கொண்டுவந்தார்கள். அதை அக்காவிடம் கொடுத்தேன்.

அக்கா எழுந்து நின்று தொண்டையைச் செருமிக்கொண்டார். மண்டபம் முழுவதும் திரும்பிப் பார்த்தது.

"புது வீடு நல்லா வரையிறீங்க, சந்தோசம்," என்றார். "பழைய வீட்டுக்கு எப்ப வர்றீங்க?"